பயனர் வெளி டிரைவர்களுக்கு வன்பொருள் போர்ட்டுகளைத் திறந்துவிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரைவரை (ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருளை) கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) வெளியே, அதாவது ‘பயனர் வெளி’யில், ஒரு சாதாரண நிரலாக ஓடவிடலாம் என்று முடிவு செய்தவுடன் எழும் முதல் சிக்கல், அந்த நிரல் வன்பொருளைத் தொடுவது எப்படி என்பது. தொடவே விடாவிட்டால் அது டிரைவர் ஆகாது. விருப்பம்போல் தொடவிட்டால் வெளியே வைத்ததற்கே பொருள் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் எக்ஸ்86 கணினிகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். போர்ட் எண்களும் போர்ட்டில் எழுதும் மதிப்புகளும் ஹெக்ஸ் (16-ஐ அடியாகக் கொண்ட) எண்கள். மற்றவை வழக்கமான பதின்ம எண்கள்.

போர்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்? நெட்வொர்க் போர்ட்டா, கேபிள் செருகும் துளையா?

இரண்டும் இல்லை. எக்ஸ்86 பிராசசருக்கு நினைவக முகவரிகளைத் தவிர இன்னொரு தனி முகவரி வரிசையும் உண்டு. 16 பிட் எண்கள், ஆக மொத்தம் 65,536 போர்ட்டுகள். அவற்றிலிருந்து வாசிக்க ‘இன்’, எழுத ‘அவுட்’ என்று தனிக் கட்டளைகள் இருக்கின்றன. விசைப்பலகையைக் கவனிக்கும் சிப் 60, 64 ஆகிய எண்களில் பதில் சொல்லும். முதல் சீரியல் இணைப்பு 3எஃப்8 முதல் 3எஃப்எஃப் வரை. பழைய பிரிண்டர் இணைப்பு வழக்கமாக 378-இல் தொடங்கும். ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு சிப்பின் ரெஜிஸ்டருக்கு (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்துக்கு) போகும் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருந்தால் என்ன குறை?

கெர்னலுக்குள் இருக்கும் டிரைவரில் நினைவக முகவரியைக் காட்டும் ஒரு சுட்டி தவறினால் மொத்தக் கணினியும் விழும். லினக்ஸ் கெர்னலை ஆராய்ந்த 2001-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்று, மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று கண்டது. டிரைவர் தனி புராசஸாக (தனியே ஓடும் நிரலாக) இருந்தால் அது மட்டும் சாகும், மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். 2005-இல் டனென்பாம் குழுவினர் வெளியிட்ட மினிக்ஸ் 3 இதையே தன் அடிப்படைக் கொள்கையாக வைத்தது. செத்த டிரைவரை எழுப்புவதற்கென்றே அதில் ஒரு சேவகப் புராசஸ் இருக்கிறது. அதற்கு ‘மறுபிறவிச் சேவகன்’ என்று பொருள்படும் பெயர்.

சாதாரண நிரல் ‘அவுட்’ கட்டளையை நேராகக் கொடுத்தால் என்ன ஆகும்?

பிராசசரே தடுத்துவிடும். இங்கே இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. முதலாவது ஐஓபிஎல்: ஃப்ளாக்ஸ் ரெஜிஸ்டரில் இருக்கும் 2 பிட்டுகள். நிரலின் சலுகை நிலை அந்த எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் எல்லாப் போர்ட்டும் திறந்திருக்கும். கெர்னல் 0-ஆவது நிலையிலும் சாதாரண நிரல் 3-ஆவது நிலையிலும் ஓடுகின்றன. ஐஓபிஎல் வழக்கமாக 0. ஆகவே சாதாரண நிரலால் இந்தப் பூட்டைத் திறக்க முடியாது.

ஆனாலும் பிராசசர் உடனே மறுத்துவிடுவதில்லை. இரண்டாவது பூட்டையும் பார்க்கிறது. ஓடும் வேலையின் விவரங்களைப் பிராசசருக்காகக் கெர்னல் நினைவகத்தில் வைக்கும் டிஎஸ்எஸ் என்ற அமைப்பின் கடைசியில் ஒரு பிட்மேப் இருக்கும், போர்ட்டுக்கு ஒரு பிட் வீதம். அந்தப் போர்ட்டின் பிட் 0 என்றால் அனுமதி, 1 என்றால் மறுப்பு. மறுத்தால் பிராசசர் பாதுகாப்பு மீறல் என்று கெர்னலிடம் முறையிடும்; லினக்ஸில் அந்த நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகிச் சாகும்.

ஒவ்வொரு புராசஸுக்கும் இவ்வளவு பெரிய பிட்மேப் வேண்டுமா?

65,536 பிட் என்றால் 8,192 பைட். அதன் பின்னால் எல்லாப் பிட்டும் 1 ஆக இன்னொரு பைட்டும் வேண்டும், ஏனென்றால் சோதிக்கும்போது பிராசசர் எப்போதும் இரண்டு பைட் வாசிக்கிறது. இதை எல்லாப் புராசஸுக்கும் வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் நகலெடுத்தால் வீண் செலவுதான். லினக்ஸ் அப்படிச் செய்வதில்லை. போர்ட் கேட்காத நிரல் ஓடும்போது பிட்மேப்பின் தொடக்க இடத்தை டிஎஸ்எஸ் எல்லைக்கு வெளியே காட்டிவிடுகிறது; பிராசசர் அதை ‘எல்லாமே மூடியிருக்கிறது’ என்று எடுத்துக்கொள்கிறது. கேட்டவர்களுக்கு மட்டும்தான் செலவு.

நான்கு பைட்டை ஒரே வீச்சில் எழுதினால் நான்கு போர்ட்டுகளின் பிட்டும் 0 ஆக இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 378 முதல் 37ஏ வரை மூன்று எண்களுக்கு அனுமதி வாங்கிவிட்டு 378-இல் 32 பிட் எழுதிப் பார்த்து, ஏன் விழுகிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. 37பி மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிட்மேப் தொல்லை எதற்கு? ஐஓபிஎல்லை 3 ஆக்கிவிட்டால் போதாதா?

வேலை நடக்கும். ஆனால் அந்த 2 பிட்டுகள் போர்ட்டை மட்டும் காவல் காப்பதில்லை. குறுக்கீடுகளை (பிராசசரின் கவனத்தைத் திருப்பச் சாதனங்கள் அனுப்பும் சைகைகளை) நிறுத்தும், மறுபடி இயக்கும் கட்டளைகளும் அதே அனுமதியில்தான் ஓடுகின்றன. ஐஓபிஎல் 3 பெற்ற நிரல் குறுக்கீட்டை நிறுத்திவிட்டு முடிவில்லாச் சுழற்சியில் மாட்டிக்கொண்டால், அந்தப் பிராசசரைக் கெர்னலால் மீட்க முடியாது. கடிகாரக் குறுக்கீடே வராதே. லினக்ஸ் 5.5-இலிருந்து இந்த வழி அடைபட்டுவிட்டது. ஐஓபிஎல் கேட்டால் இப்போது கிடைப்பது எல்லாப் பிட்டும் திறந்த ஒரு பிட்மேப் மட்டுமே. குறுக்கீட்டைத் தொடும் உரிமை கிடைப்பதில்லை.

பிட்மேப்பின் அருமை ஓர் எழுத்துப்பிழையில்தான் புரியும். லினக்ஸில் சி நிரலில் ‘அவுட்பி’ அழைக்கும்போது முதலில் மதிப்பு, பிறகு போர்ட். பிஎஸ்டி வகை இயங்குதளங்களில் முதலில் போர்ட். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு நிரல், 378-ஆம் போர்ட்டில் 0டி என்ற மதிப்பை எழுத நினைக்கிறது. லினக்ஸில் அது தலைகீழாகி, 0டி என்ற போர்ட்டில் 78 என்று எழுதும். 0டி என்பது பழைய டிஎம்ஏ சிப்பை (சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவை நேராக நகர்த்தும் சிப்பை) முழுவதும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் கதவு. எந்த மதிப்பு எழுதினாலும் அழியும். ஐஓபிஎல் பெற்ற நிரல் சத்தமில்லாமல் அதைச் செய்துவிட்டுப் போகும். 378 முதல் 37ஏ வரை மட்டும் பெற்ற நிரல் அந்த வரியிலேயே விழும். விழுவதுதான் நமக்கு நல்லது.

லினக்ஸில் இதைக் கேட்டு வாங்குவது எப்படி?

‘ஐஓபெர்ம்’ என்ற சிஸ்டம் கால், அதாவது நிரல் கெர்னலிடம் உதவி கேட்கும் அழைப்பு. தொடக்க எண், எத்தனை போர்ட், திறக்கவா மூடவா என்று மூன்று விவரங்கள். கேட்பவருக்கு வன்பொருளைத் தொடும் தனிச் சலுகை இருக்க வேண்டும், நடைமுறையில் ரூட் என்ற முழு உரிமைப் பயனர். 2.6.8-க்கு முந்தைய கெர்னல்களில் 3எஃப்எஃப் வரையுள்ள எண்களை மட்டுமே இப்படிக் கேட்க முடிந்தது. கணினியில் செருகும் பிசிஐ வகை அட்டைகளின் போர்ட்டுகள் அதற்கு மேலே இருப்பதால் பலர் வேறு வழியில்லாமல் ஐஓபிஎல்லுக்குப் போனார்கள். அந்தக் காலத்து நிரல்களைப் பார்த்து இன்னும் அதையே நகலெடுக்க வேண்டாம்.

அனுமதி த்ரெட்டுக்கு (நிரலுக்குள் தனியே ஓடும் ஓர் இழைக்கு) உரியது என்பதால் முதல் த்ரெட்டிலேயே, மற்றவற்றை உருவாக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். வாங்கியவுடன் ரூட் உரிமையைத் துறந்துவிடலாம். போர்ட் அனுமதி தங்கும். வேறொரு நிரலாக மாறினாலும் தங்கும். எனவே ரூட்டாக ஓடும் சிறிய தொடக்க நிரல் ஒன்று அனுமதியை வாங்கி, பயனரை மாற்றிக்கொண்டு, உண்மையான டிரைவரை ஏற்றிவிட்டால் டிரைவர் ஒரு கணமும் ரூட்டாக ஓட வேண்டியதில்லை. லினக்ஸ் 5.4-இல் வந்த ‘லாக்டவுன்’ இயங்கும் கணினியில் ரூட்டுக்கும் இந்த அழைப்பு மறுக்கப்படும்.

ரூட்டை நம்புவதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லையா?

இருக்கிறது, மைக்ரோகெர்னல்களில், அதாவது மிகச் சில வேலைகளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் சிறிய கெர்னல்களில். ‘நீ யார்’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘உன்னிடம் என்ன சீட்டு இருக்கிறது’ என்று கேட்கும் முறை அது. க்னூ மாக்கில், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று குறித்த அனுமதிப் பொருள் ஒன்றை முதலில் உருவாக்க வேண்டும். அந்தப் பொருளைக் கையில் வைத்திருப்பவர் ஒரு டாஸ்க்கின் பிட்மேப்பில் அந்த வரம்பைத் திறக்கலாம், மூடலாம். உருவாக்கும் உரிமை ஒரே இடத்தில் இருக்கும். டிரைவருக்குப் போவது வெட்டித் தந்த துண்டு மட்டும். எஸ்இஎல்4-இலும் வரம்பு குறித்த போர்ட் கேப்பபிலிட்டி (அதாவது சீட்டு) உண்டு. ஃபூஷாவில் ரிசோர்ஸ் ஹேண்டில் என்ற சீட்டு இல்லாமல் போர்ட் கேட்க முடியாது. மினிக்ஸ் 3-இல் எந்த டிரைவருக்கு எந்தப் போர்ட், எந்தக் குறுக்கீடு என்பதை ஓர் அமைவுக் கோப்பில் எழுதிவைக்கிறார்கள். மறுபிறவிச் சேவகன் அதைப் படித்துக் கெர்னலுக்குச் சொல்கிறான். எனக்கு இந்தக் கடைசி ஏற்பாடு பிடிக்கும். ஒரு டிரைவர் எதைத் தொடக்கூடும் என்பதை நிரலைப் படிக்காமலே கோப்பைத் திறந்து பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு வாசிப்புக்கும் கெர்னலிடம் கேட்கும் முறை மெதுவாகாதா?

மினிக்ஸ் 3, எஸ்இஎல்4 இரண்டிலும் அப்படித்தான்: டிரைவர் தானே ‘இன்’, ‘அவுட்’ கொடுப்பதில்லை, கெர்னலை அழைத்துக் கேட்கிறது, கெர்னல் வரம்பைச் சரிபார்த்துவிட்டுச் செய்கிறது. பலர் நினைக்கும் அளவுக்கு இதில் இழப்பு இல்லை. பழைய வகை பஸ்ஸில் (சிப்புகளைப் பிராசசரோடு இணைக்கும் தடத்தில்) இருக்கும் ஒரு சிப்பை ஒருமுறை வாசிக்கவே ஏறத்தாழ ஒரு மைக்ரோவினாடி ஆகும். சிஸ்டம் காலின் செலவு அதைவிடக் குறைவாகவே இருக்கும். அடுக்கடுக்காகப் பல போர்ட்டுகளைத் தொட வேண்டுமென்றால் மினிக்ஸ் 3-இல் ஒரே அழைப்பில் பட்டியலாகக் கொடுத்துவிடலாம்.

வாசிக்க மட்டும் அனுமதி தர முடியுமா?

பிட்மேப்பில் முடியாது. ஒரே பிட்தான், வாசிப்புக்கும் எழுத்துக்கும் சேர்த்து. கெர்னல் இடையில் நிற்கும் முறையில் பிரித்துத் தரலாம். ஆனால் ‘வாசிப்பது தீங்கற்றது’ என்ற எண்ணத்தை நினைவகத்தோடு விட்டுவிடுங்கள். 3எஃப்8-ஐ வாசித்தால் சீரியல் இணைப்பில் வந்து காத்திருந்த பைட் எடுக்கப்பட்டுவிடும்; உண்மையான டிரைவருக்கு அது வந்துசேராது. கடிகாரச் சிப்பின் சி ரெஜிஸ்டரை வாசித்தால் அதில் நிற்கும் குறுக்கீட்டுக் கொடிகள் அழிந்துவிடும்.

சரி, என் சாதனத்தின் எண்களை மட்டும் திறந்தேன். இனி பாதுகாப்புதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். பிட்மேப் எண்ணைத்தான் பார்க்கிறது. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிப் என்ன செய்யவல்லது என்பது அதற்குத் தெரியாது.

எளியதிலிருந்து தொடங்குகிறேன். விசைப்பலகை டிரைவருக்கு 60-உம் 64-உம் வேண்டும், தராமல் முடியாது. 64-இல் எஃப்இ என்று எழுதினால் கணினி ரீசெட் ஆகிவிடும், ஏனென்றால் பழைய வடிவமைப்பில் பிராசசரின் ரீசெட் கம்பி அந்தச் சிப்பில்தான் கட்டப்பட்டிருந்தது. விசைப்பலகைக்கு அனுமதி என்று நாம் நினைத்தது, கணினியை வீழ்த்தும் அனுமதியும்கூட.

அடுத்து, இரட்டைக் கதவுகள். கடிகாரச் சிப்பில் 70-இல் எந்த ரெஜிஸ்டர் என்று எழுதிவிட்டு 71-இல் மதிப்பைத் தொட வேண்டும். இந்த இரண்டு படிகளுக்கு நடுவில் கெர்னலோ இன்னொரு நிரலோ 70-இல் வேறு எண்ணை எழுதிவிட்டால் உங்கள் மதிப்பு தவறான இடத்தில் போய் உட்காரும். பிட்மேப் இரண்டு பேருக்கும் அனுமதி தந்திருக்கிறது. வரிசையாக நிற்கச் சொல்வது அதன் வேலை இல்லை. போதாததற்கு, 70-இன் உச்ச பிட் மறைக்கமுடியாக் குறுக்கீட்டையே அடைத்துவைக்கும் பிட். இப்படிப்பட்ட போர்ட்டுகளை யாருக்கும் நேராகத் தராமல், ஒரே ஒரு புராசஸிடமோ கெர்னலிடமோ வைத்து, மற்றவர்கள் அதனிடம் கேட்கும்படி செய்வதே சரி.

சிஎஃப்8, சிஎஃப்சி இணை இதே வகைதான், ஆனால் ஆபத்து பெரியது. பிசிஐ சாதனங்களின் அமைவு ரெஜிஸ்டர்கள் எல்லாமே இந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் இருக்கின்றன. ஓர் அட்டையின் டிரைவருக்காக இதைத் திறந்தால் மற்ற எல்லா அட்டைகளின் முகவரியையும் மாற்றும் உரிமையைச் சேர்த்துக் கொடுத்தாயிற்று.

டிஎம்ஏ பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

சாதனம் பிராசசரைத் தாண்டி நேராக நினைவகத்தில் எழுதுவதும் வாசிப்பதும் டிஎம்ஏ. எந்த முகவரி என்பதைச் சாதனத்துக்குச் சொல்வது டிரைவர். உதாரணமாக, வட்டைக் கட்டுப்படுத்தும் பழைய ஐடிஇ வகைச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சேனலுக்கு 8 போர்ட்டுகள். அவற்றில் 4 பைட், ஒரு பட்டியல் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று குறிக்கும். அந்தப் பட்டியலில் இருப்பவை நேரடி நினைவக முகவரிகள். டிரைவர் அதில் கெர்னலின் முகவரியை எழுதிவிட்டு ‘வட்டிலிருந்து வாசி’ என்று சொன்னால், வட்டிலிருந்த தரவு கெர்னலின் மேல் போய் விழும். புராசஸின் பக்க அட்டவணைகள் (எந்த நினைவகத்தை அது தொடலாம் என்று குறிப்பவை) இதைத் தடுக்காது; அவை பிராசசரின் வழியில் நிற்கும் காவல், சாதனம் வேறு வழியில் போகிறது.

ஆக, 8 பிட்டுகளை 0 ஆக்கியதில் கணினியின் 4 ஜிபி வரையிலான நினைவகம் திறந்துவிட்டது. பயனர் வெளியில் ஓடுகிறது என்பதற்காக அந்த டிரைவரைக் கெர்னலைவிடக் குறைவாக நம்பினால் போதும் என்று நினைப்பது தவறு. அதன் நல்ல எண்ணத்தையும் அதன் பிழையின்மையையும் கெர்னல் அளவுக்கே நம்பியிருக்கிறீர்கள்.

அதற்குத் தீர்வு?

ஐஓஎம்எம்யூ. இன்டெலில் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-வி ஐ, ஆர்ம் பக்கம் எஸ்எம்எம்யூ என்று பெயர்கள். பிராசசருக்குப் பக்க அட்டவணை இருப்பதுபோல் சாதனத்துக்கும் ஓர் அட்டவணை. அதில் இல்லாத முகவரியைச் சாதனம் கேட்டால் மறுக்கப்படும்.

லினக்ஸில் இதைப் பயனர் வெளிக்குக் கொண்டுவந்தது விஎஃப்ஐஓ, 2012-இல், 3.6 பதிப்பில் சேர்ந்தது. டிரைவர் தன் நினைவகத்தில் ஒரு பகுதியைக் காட்டி ‘இதைச் சாதனம் தொடலாம்’ என்று பதிவு செய்கிறது. கெர்னல் அந்தப் பக்கங்களை இடம்பெயராமல் பிணைத்து ஐஓஎம்எம்யூவில் எழுதுகிறது. போர்ட்டுகளுக்குத் தனியாக ஐஓபெர்ம் கேட்கத் தேவையில்லை: சாதனத்தின் போர்ட் பகுதி ஒரு கோப்புபோலத் தெரியும், வாசிப்பும் எழுத்தும் கெர்னல் வழியாகப் போகும். பிசிஐ அமைவு ரெஜிஸ்டர்களையும் கெர்னல் வடிகட்டியே காட்டுகிறது. சிஎஃப்8-ஐத் திறக்கும் பேச்சே எழாது.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ‘குழு’. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காவல் காக்க வன்பொருளால் முடியாத சாதனங்கள் ஒரே ஐஓஎம்எம்யூ குழுவில் வரும். குழு முழுவதும் கெர்னல் டிரைவர்களிடமிருந்து விடுபட்டால்தான் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ள முடியும். எரிச்சலாக இருக்கும், ஆனால் உங்கள் அட்டை பக்கத்து அட்டைக்கு நேராக எழுத முடியுமானால், ஐஓஎம்எம்யூ அதைப் பார்க்கவே பார்க்காது.

ஐஓஎம்எம்யூ இல்லாமல் ஓடவிடும் விருப்பமும் விஎஃப்ஐஓவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் கெர்னல் தன்மேல் ‘கறை படிந்தது’ என்று குறித்துக்கொள்ளும். நியாயமான குறிப்பு.

அப்படியானால் யூஐஓ எதற்கு?

2007-இல் 2.6.23 பதிப்பில் வந்த எளிய ஏற்பாடு. குறுக்கீட்டைச் சொல்லும், ரெஜிஸ்டர்களைக் காட்டும். டிஎம்ஏவுக்குக் காவல் எதுவும் தராது. டிஎம்ஏ செய்யத் தெரியாத சாதனங்களுக்கு, அதாவது அளவைக் கருவி அட்டை, ரிலே அட்டை போன்றவற்றுக்கு இது போதும்.

குறுக்கீட்டைப் பயனர் வெளியில் கையாள முடியுமா?

முழுவதும் முடியாது, முதல் அடி கெர்னலில்தான். பழைய வகைக் குறுக்கீட்டில் சாதனம் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும், யாராவது அதன் ரெஜிஸ்டரைத் தொட்டு அடக்கும்வரை. டிரைவர் புராசஸுக்கு முறை வருவதற்குள் அதே குறுக்கீடு மீண்டும் மீண்டும் வந்து பிராசசரை மூழ்கடித்துவிடும். ஆகவே கெர்னல் அதை உடனே அடைத்துவிட்டு டிரைவருக்குச் செய்தி அனுப்புகிறது. டிரைவர் வேலையை முடித்தபின் ‘திறக்கலாம்’ என்கிறது. அதே கம்பியை இன்னொரு சாதனமும் பகிர்ந்துகொண்டால், உங்கள் டிரைவர் தூங்கும் நேரமெல்லாம் அதுவும் ஊமையாகிவிடும். பிசிஐ 2.3 தந்த ‘இந்தச் சாதனத்தின் குறுக்கீட்டை மட்டும் அடை’ என்ற பிட்டும், கம்பியே இல்லாத எம்எஸ்ஐ முறையும் இந்தத் தலைவலியைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டன.

எம்எஸ்ஐ புதிய தலைவலி ஒன்றையும் கொண்டுவந்தது. அதில் குறுக்கீடு என்பது குறிப்பிட்ட முகவரியில் சாதனம் எழுதும் ஓர் எழுத்து. டிஎம்ஏ செய்யத் தெரிந்த சாதனம் அந்த முகவரியில் எதை வேண்டுமானாலும் எழுதிப் பொய்க் குறுக்கீட்டை உண்டாக்கலாம். இதைத் தடுக்கக் குறுக்கீடுகளை மறுதிசைப்படுத்தும் வசதி ஐஓஎம்எம்யூவில் வேண்டும். அது இல்லாத கணினியில் விஎஃப்ஐஓ தானாக இயங்க மறுக்கும்.

டிரைவர் பாதியில் செத்துவிட்டால்?

நிரல் செத்தது சாதனத்துக்குத் தெரியாது. அது தன்னிடம் கடைசியாகச் சொன்ன முகவரிக்குத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். கெர்னல் செத்த புராசஸின் நினைவகத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், நெட்வொர்க்கில் வந்த பாக்கெட் அவர் தரவின்மேல் விழும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் சாதனத்தின் டிஎம்ஏ உரிமையைப் பறிக்க வேண்டும், முடிந்தால் ரீசெட் செய்ய வேண்டும், அதன் பிறகே பக்கங்களை விடுவிக்க வேண்டும். விஎஃப்ஐஓவில் கோப்பு மூடப்படும்போது கெர்னல் இதைக் கவனித்துக்கொள்கிறது. ஐஓபெர்ம் வழியில் இதைச் செய்ய யாரும் இல்லை. கெர்னலுக்கு உங்கள் சாதனம் எதுவென்றே தெரியாது.

ஆர்ம் கணினியில் போர்ட்டே இல்லையே?

இல்லை. ரெஜிஸ்டர்கள் நினைவக முகவரிகளாகவே தெரியும், பக்க அட்டவணை வழியாகத் தரலாம். ஆனால் அனுமதியின் அலகு பைட்டிலிருந்து பக்கத்துக்குத் தாவுகிறது, வழக்கமாக 4 கேபி. ஒரே பக்கத்தில் இரண்டு சாதனங்களின் ரெஜிஸ்டர்கள் இருந்தால் ஒன்றைத் தந்தால் மற்றதும் போகும். அந்த ஒரு விஷயத்தில் எக்ஸ்86 பிட்மேப் நுணுக்கமானது.

சொந்தக் கணினியைக் கெடுக்காமல் பழக வழி உண்டா?

க்யூஎம்யூ, அதாவது ஒரு முழுக் கணினியையே மென்பொருளில் பாவனை செய்யும் நிரல். அதில் கற்பதற்கென்றே ‘எடு’ என்ற பாவனைப் பிசிஐ சாதனம் இருக்கிறது. ஒரு ரெஜிஸ்டரில் எண்ணை எழுதினால் அதன் ஃபாக்டோரியலைக் கணக்கிட்டுத் தரும். குறுக்கீடு எழுப்பும், டிஎம்ஏவும் செய்யும். க்யூ35 வகை இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து இன்டெல் ஐஓஎம்எம்யூவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் விஎஃப்ஐஓ வழியாகப் பதிவு செய்த பகுதிக்கு டிஎம்ஏ ஓடவிடுங்கள். பிறகு பதிவு செய்யாத ஒரு முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். கெர்னல் பதிவில் ஐஓஎம்எம்யூ மறுத்த வரி வந்து நிற்கும். அதே முகவரியை ஐஓஎம்எம்யூ இல்லாத இயந்திரத்திலும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன் வட்டுக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.